கிண்டிலில் தமிழ் நாவல்: கே.டி.பி. கொடுப்பதும் கேட்பதும்

எழுத்தாளர் தாமே மின்னூலை ஏற்றி விற்க அமேசான் தரும் வசதியான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கை (கே.டி.பி.) பதிப்பகம் என்று நம்பிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் நொந்து திரும்புகிறார்கள். கே.டி.பி. வாடகை வாங்காத கடை. சரக்கு, தரம் பார்ப்பது, பொட்டலம் கட்டுவது, ஆளைக் கூட்டி வருவது எல்லாம் நம் பாடு. விற்றால் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு உள்ளே போகும் நாவலாசிரியருக்கு, இன்று தமிழில் இதற்கு இணையான வசதி வேறில்லை. புரியாமல் போனால், ஒரு வருடம் உழைத்த நாவல் பிழைகளோடும் மங்கலான அட்டையோடும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

2016 டிசம்பரில் இந்தியக் கிண்டில் கடை தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் என ஐந்து மொழிகளுக்கு இடம் கொடுத்தது. அன்று முதல் தமிழ்ப் புனைகதைக்குப் பதிப்பாளரின் தயவில்லாத ஒரு வழி இருக்கிறது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். தேவையில்லை, அமேசானே தன் அடையாள எண்ணை ஒட்டிவிடும். ஏற்றிய 72 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கடையில் வந்துவிடுகிறது. இவ்வளவும் மெய்தான். ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குள் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

எழுபதா, முப்பத்தைந்தா?

உரிமைத்தொகைக்கு 35 விழுக்காடு, 70 விழுக்காடு என்று இரண்டு வழிகள் உண்டு. விலைப் பக்கத்தைத் திறந்ததும் எல்லாருடைய கையும் 70-க்குத்தான் போகும். இந்தியக் கடை விற்பனையில் அந்த 70 கிடைக்க வேண்டுமானால், புத்தகம் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பிரேசில், ஜப்பான், மெக்சிகோ கடைகளுக்கும் இதே விதி. செலக்டில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த நாவலின் மின்வடிவம் வேறெந்தக் கடையிலும் தளத்திலும் இருக்கக் கூடாது. வலைப்பதிவில் கூடாது, பிரதிலிபி போன்ற தொடர்கதைத் தளங்களில் கூடாது, சொந்த இணையதளத்தில் இலவசமாகக்கூடக் கூடாது. மாதிரிக்காகப் பத்து விழுக்காடு வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்தை இந்தக் கட்டு தொடாது. அதை எங்கும் விற்கலாம்.

ஆக, நாம் தேர்ந்தெடுப்பது விகிதத்தை அல்ல. மின்னுரிமை முழுவதையும் மூன்று மாதத்துக்கு ஒரே கடையிடம் ஒப்படைப்பதா வேண்டாமா என்பதைத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். விலை ₹150 என்று வையுங்கள். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். 35 விழுக்காட்டில் ஆசிரியருக்கு ₹52.50. 70 விழுக்காட்டில், கோப்பை வாசகருக்கு அனுப்பும் செலவு என்று ஒரு எம்.பி.க்கு ₹7 கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். கோப்பு ஒரு எம்.பி. என்றால் 143-ல் எழுபது விழுக்காடு, அதாவது ₹100.10. நான்கு எம்.பி. என்றால் 122-ல் எழுபது விழுக்காடு, ₹85.40. ஒவ்வொரு பிரதிக்கும் பதினைந்து ரூபாய் போவது பெரும்பாலும் அத்தியாயத்துக்கு ஒன்றாகச் செருகிய அலங்காரப் படங்களால். வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவல் அவ்வளவு கனக்க வேண்டிய அவசியமே இல்லை. 35 விழுக்காட்டு வழியில் இந்த அனுப்பும் செலவு கிடையாது. ஆகவே படங்கள் நிறைந்த சிறுவர் கதைக்கு இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள தூரம் நினைத்ததைவிடக் குறைவு.

அச்சில் பத்து விழுக்காடு என்பதே பேரம் பேசி வாங்கவேண்டிய இடத்தில் நிற்கும் தமிழ் எழுத்தாளருக்கு இந்த எண்கள் கிறுகிறுக்க வைக்கும். ஆனால் எத்தனை பிரதி என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும். செலக்டில் இருக்கும் நாவல் தானாகவே கிண்டில் அன்லிமிடெட் சந்தாவுக்குள் போய்விடும். சந்தாதாரர் காசு கொடுத்து வாங்காமலே படிப்பார். ஆசிரியருக்குப் படித்த பக்கக் கணக்கில் பணம் வரும். தமிழ்ப் புனைகதையைப் பொறுத்தவரை, வருமானத்துக்கு முதலில் நம்ப வேண்டியது இந்த வாய்க்காலைத்தான்.

பக்கம் என்பது அச்சுப் பக்கம் அல்ல. அமேசான் ஒரே அளவுகோலால் அளந்து கொடுக்கும் கே.இ.என்.பி. என்ற எண் அது. எழுத்தைப் பெரிதாக்கியோ இடைவெளி விட்டோ அதைக் கூட்ட முடியாது. ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல்முறை படிக்கும்போது மட்டும்தான் கணக்கில் ஏறும்; திரும்பப் படித்தால் இல்லை. ஒவ்வொரு மாதமும் உலகம் முழுவதற்குமான ஒரு பொது நிதியிலிருந்து பிரிப்பதால் பக்கத்துக்கான தொகை மாதாமாதம் மாறும். இந்தியாவில் அது பைசாவில் பேச வேண்டிய எண். நாவலைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் பாதிப் பணத்தைத்தான் தருகிறார். விற்பனையில் இந்தத் தண்டனை கிடையாது; வாங்கியவர் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

படிக்கவைக்கும் கட்டாயம்

இந்தப் பக்கக் கணக்கு எழுத்தையும் தொடுகிறது. தமிழ் நாவலின் வழக்கமான முன்பகுதியைப் பாருங்கள்: சமர்ப்பணம், பதிப்புரை, இரண்டு அணிந்துரை, ஒரு வாழ்த்துரை, என்னுரை, நன்றி. கிண்டில் கடையில் வாசகருக்கு இலவச மாதிரியாகக் காட்டப்படுவது புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து விழுக்காடு. சிறிய நாவல் என்றால் மாதிரி முழுவதையும் அணிந்துரைகளே தின்றுவிடும். கதையின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் வாசகர் போய்விடுவார். அணிந்துரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எழுதிக்கொடுத்த பெரியவர் கோபித்துக்கொண்டால், அச்சுப் பதிப்பில் முன்னால் போடுகிறோம் என்று சமாதானம் சொல்லலாம். சமர்ப்பணம் ஒரு வரி, உரிமைக் குறிப்பு அரைப் பக்கம், பொருளடக்கம், உடனே முதல் அத்தியாயம் என்று இருக்கட்டும்.

சிறுகதைத் தொகுப்பில் இதே விதி இன்னும் கறாரானது. எழுதிய வருட வரிசையில் அடுக்குவது நம் பழக்கம். இருபது வருடத்துக்கு முந்தைய, கை பழகாத முதல் கதைதான் அப்போது மாதிரியில் போய் உட்காரும். தொகுப்பின் பலமான கதை முதலில், அடுத்த பலமானது கடைசியில்.

அறிக்கைப் பக்கம் நாள்வாரியாக, நூல்வாரியாகப் படித்த பக்கங்களைக் காட்டும். எந்த இடத்தில் வாசகர் விட்டுப்போனார் என்பதைக் காட்டாது. இது பெரிய குறை. ஆனால் இரண்டு மூன்று பாகங்களாக எழுதுகிறவர் ஒரு குறுக்குக் கணக்குப் போடலாம். ஒவ்வொரு பாகத்திலும் படித்த மொத்தப் பக்கங்களை அந்தப் பாகத்தின் கே.இ.என்.பி. எண்ணால் வகுத்தால், முழுதாகப் படித்தவர் எத்தனை பேருக்குச் சமம் என்று ஒரு எண் கிடைக்கும். முதல் பாகத்துக்கு 100, இரண்டாம் பாகத்துக்கு 20 என்று வந்தால், குற்றம் விளம்பரத்தில் இல்லை. முதல் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாத நாவல் வாசித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு ஒரே மூச்சில் முடிக்கும் நீளம் கைவந்தது. ஆகவே குறுநாவல் இங்கே நன்றாக நிற்கும். பக்கத்துக்குக் காசு என்பதால் நீட்டி முழக்குவது வீண். மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆள் கழன்றுகொண்டால் நீட்டிய பக்கங்களுக்குப் பணம் ஏது?

கோப்பு: இங்குதான் எல்லாம் கெடுகிறது

கே.டி.பி. வேர்டு கோப்பை நேரடியாக ஏற்கும். மின்னூலுக்கான இபப் வடிவத்தையும் ஏற்கும். கிண்டிலின் பழைய வடிவமான மோபி கோப்பின் காலம் முடிந்துவிட்டது. தமிழ் நாவலைப் பி.டி.எஃப். ஆகக் கொண்டுபோகாதீர்கள். பி.டி.எஃப்.பிலிருந்து தமிழைப் பிரித்தெடுத்தால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தைவிட்டு விலகி ஊர்சுற்றப் போய்விடும்.

பழைய நாவலை மின்னூலாக்குவோர் முதலில் மோதுவது எழுத்துருவில். டி.டி.பி., அதாவது கணினியில் பக்க வடிவமைப்பு, செய்தவர் தரும் கோப்பு பாமினி, வானவில், செந்தமிழ், டாம் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கவேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். கிண்டிலில் ஏற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே தீரவேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இந்த வேலையைச் செய்யும், முழுதாகச் செய்யாது. மாற்றிய பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவை: மேற்கோள் குறிகள் ஏதாவது எழுத்தாக மாறியிருக்கும், நாவலென்றால் உரையாடல் முழுவதும் பாழ், கதைக்குள் வந்த ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் கோவையாகியிருக்கும், பக்க எண்ணும் தலைப்பு வரியும் வாக்கியத்தின் நடுவில் வந்து விழுந்திருக்கும், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பத்தி உடைந்திருக்கும். கடைசிக் கோளாறைத் தேடி மாற்றும் வசதியால் சரிசெய்யலாம். முதலில் உண்மையான பத்தி முறிவுகளை, அதாவது இரட்டை முறிவுகளை, புத்தகத்தில் எங்கும் வராத ஒரு குறியால் மாற்றுங்கள். பிறகு மிச்சமுள்ள ஒற்றை முறிவுகளை ஓர் இடைவெளியாக்குங்கள். கடைசியில் அந்தக் குறியைப் பத்தி முறிவாகத் திருப்புங்கள். வரிசை மாறினால் நாவல் முழுவதும் ஒரே பத்தியாகிவிடும்.

நேராக யூனிகோடில் எழுதியவர்களுக்கும் ஆறுதல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இரண்டு மூன்று இருக்கின்றன. 'கௌரி' என்பதில் உள்ள ஔகாரக் குறி தனிக் குறியீடு. பலர் ஒற்றைக் கொம்பு, க, ள என்று அடித்து 'கெளரி' ஆக்கிவிடுகிறார்கள். திரையில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தேடினால் கிடைக்காது. வாசித்துக் காட்டும் கருவி 'கெளரி' என்றே படிக்கும். கதாநாயகி பெயரே அது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இதைத் திருத்தப்போய் மொத்தமாக 'கெள' எல்லாவற்றையும் 'கௌ' ஆக்கினால், மீன்கடைக் காட்சியில் வரும் கெளுத்தி சிதைந்துவிடும். 'வெள' எல்லாவற்றையும் மாற்றினால் வௌவால் பிழைக்கும், வெள்ளமும் வெளிச்சமும் போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் ஒரே வழி. அதேபோல 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. புத்தகத் தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ ஸ்ரீ இருந்தால் கோப்பிலும் கடைப் பக்கத்திலும் ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பிழைக்கு 'நாவி', எழுத்துப்பிழைக்கு 'வாணி' என்ற இணையக் கருவிகள் உண்டு. முதல் சல்லடைக்கு நல்லவை. வட்டார வழக்கில் எழுதிய உரையாடலை இவற்றிடம் கொடுத்தால் பாதியைப் பிழை என்று சொல்லும். உரையாடலை விட்டுவிட்டு எடுத்துரைப்பை மட்டும் சலிக்கக் கொடுங்கள். அதற்குமேல் ஒரு மனிதர் மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். கே.டி.பி. எழுத்துப்பிழை சரிபார்ப்பு என்று ஒன்று காட்டும்தான். தமிழுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

வேர்டில் வடிவமைப்பு எளிது. அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெட்டிங் 1 பாணி; அதிலிருந்தே தானியங்கிப் பொருளடக்கம் உருவாகும், தட்டினால் அத்தியாயத்துக்குத் தாவும். கையால் புள்ளிவைத்துப் பக்க எண் எழுதிய பொருளடக்கம் கிண்டிலில் செத்த காகிதம். அங்கே நிலையான பக்க எண்ணே கிடையாது. பத்தியின் முதல் வரி உள்தள்ளலைப் பத்தி அமைப்பில் கொடுங்கள், அரை செண்டிமீட்டர் போதும். ஸ்பேஸ் தட்டி, டேப் தட்டி உள்தள்ளினால் போனுக்குப் போன் வேறு மாதிரி வரும். அத்தியாயம் முடிந்ததும் என்டரைப் பதினைந்து முறை அடிக்காமல் பக்க முறிவு போடுங்கள். எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்காதீர்கள். கிண்டிலிடம் தமிழ் எழுத்துரு இருக்கிறது. இருபக்கமும் நேராக வரும்படி வரிகளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற சொற்கள் உடையாமல் அப்படியே அடுத்த வரிக்கு இறங்கும்போது, போனின் குறுகிய திரையில் முந்தைய வரி பல் போன வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

ஏற்றுவதற்கு முன் கிண்டில் பிரிவியூவர் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, போன் அளவில் முழுப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். கணினித் திரையில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். தமிழ் வாசகர்களில் பலர் படிப்பது போனில்.

கே.டி.பி.யின் பெரிய சௌகரியம் ஒன்றையும் சொல்லவேண்டும். பிழை கண்டால் திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், செலவில்லை. அச்சில் முந்நூறு பிரதி அடித்தபின் பிழை கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏற்கெனவே வாங்கியவரிடம் இருக்கும் பிரதி மட்டும் தானாக மாறிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அட்டை

அளவு 1600-க்கு 2560 பிக்சல், ஜேபெக், ஆர்.ஜி.பி. நிறம். இதை எல்லாரும் சரியாகவே செய்கிறார்கள். தவறுவது வேறு இடத்தில். வாசகர் அட்டையை முதலில் பார்ப்பது கட்டைவிரல் நகம் அளவில். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். மெல்லிய அலங்கார எழுத்துரு அந்த அளவில் பூச்சி ஊர்ந்ததுபோல ஆகிவிடும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கேட்டமரன், முக்தா மலர், பாலு தம்பி ஆகியவற்றின் தடித்த வடிவங்கள் சிறிய அளவிலும் நிற்கும். போட்டோஷாப்பில் 'கொ' எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? விருப்ப அமைப்புகளில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். புதிய கோப்பில் சரியாக வரும். இன்டிசைனில் அதற்கு வேர்ல்டு-ரெடி பாரகிராஃப் கம்போசர். இது தெரியாத வடிவமைப்பாளர்கள்தான் இன்னும் பழைய எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவில் அட்டைப்படம் உருவாக்கினால் ஏற்றும்போது அதைச் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த விதி. எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும்கூட அது பொருந்தும். பிழைதிருத்த உதவிக்கு மட்டும் பயன்படுத்தியதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர், தேடுசொல்

தலைப்பைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். தலைப்புக் கட்டத்துக்குள் 'விறுவிறுப்பான குடும்ப நாவல்' என்று வால் ஒட்டுவது விதிமீறல். அதற்கான இடம் தேடுசொல் கட்டங்கள், ஏழு உண்டு. தமிழ் நாவலைத் தேடுகிறவர்களில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஏழில் மூன்றையாவது அப்படி எழுத வேண்டும், உச்சரிப்புப்படி இரண்டு விதமாக. ஆசிரியர் பெயரை ஒரு புத்தகத்தில் முன்னெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும் போட்டால் கடை அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். விவரக் குறிப்புக்கு 4000 குறியீடுகள் வரை இடம். தமிழில் 'கொ' என்பதே இரண்டு குறியீடு, ஆகவே கண்ணுக்குத் தெரிவதைவிடச் சீக்கிரம் தீரும். கதைச் சுருக்கம் எட்டு வரிக்கு மேல் தேவையும் இல்லை.

உரிமையும் வரியும்

முன்பு பதிப்பகத்தில் வந்த நாவல் என்றால், ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்காமல் ஏற்றாதீர்கள். மின்னுரிமையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். காலவரை எழுதப்படாத உரிமைமாற்றத்துக்கு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-ஆம் பிரிவின்படி, ஆயுள் ஐந்து ஆண்டு. பழைய ஒப்பந்தங்களில் காலம் குறிப்பிடாதவை ஏராளம் என்பதால் இந்தப் பிரிவு பல எழுத்தாளர்களுக்குக் கைகொடுக்கும். ஒப்பந்தமே இல்லாமல் வாய்ச்சொல்லில் நடந்ததென்றால், பதிப்பாளரிடம் ஒரு மின்னஞ்சல் வாங்கிவைப்பது உத்தமம். இணையத்தில் முன்பே வந்த எழுத்து என்று அமேசானுக்குத் தெரிந்தால் உரிமைச் சான்று கேட்கும். காட்ட முடியாவிட்டால் புத்தகம் நிறுத்தப்படும்.

தொடராக எழுதி, பின்னூட்டத்தில் திருத்தி, நாவலாக்குகிறவர்கள் செலக்டில் சேர்வதற்கு முன் தொடரின் எல்லா அத்தியாயங்களையும் நீக்க வேண்டும். நீக்கியபின் தலைப்பையும் மூன்று நான்கு வாக்கியங்களையும் கூகுளில் மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். யாரோ நகலெடுத்துத் தங்கள் தளத்தில் போட்டது அப்போது அகப்படும்.

நண்பர் கணக்கில் ஏற்றிவிடும் பழக்கம் தமிழில் நிறைய உண்டு. 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது, அவரே பாத்துக்குவாரு' என்பது வசதிதான். ஆனால் அமேசானைப் பொறுத்தவரை புத்தகத்தின் உரிமையாளர் அந்த நண்பர். பணம் அவர் வங்கிக்கு, வரி அவர் பான் எண்ணுக்கு. ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற விதியை அவர் மீறிக் கணக்கு முடக்கப்பட்டால் உங்கள் நாவலும் சேர்ந்தே முடங்கும். மூத்த எழுத்தாளருக்கு உதவ நினைப்பவர்கள் அவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுங்கள்; அரை மணி நேர வேலை.

கணக்குத் தொடங்கும்போது அமெரிக்க வரிக் கேள்விப் பகுதி வரும். இந்தியக் குடிமகனுக்கு அது டபிள்யூ-8பென் படிவம். வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுத்தால், அமெரிக்கக் கடை விற்பனையில் பிடிக்கும் வரி 30 விழுக்காட்டிலிருந்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 ஆகக் குறையும். வெறுமையாக விட்டுவிட்டு நகர்ந்தால் முப்பதும் போகும். அமெரிக்கக் கடைக்கான விலையையும் ரூபாயிலிருந்து தானாக மாற்றிக்கொள்ள விடாமல் தனியாக வையுங்கள். அங்கே 70 விழுக்காட்டுக்குக் குறைந்தபட்ச விலை 2.99 டாலர். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய அறுபது நாளில் வங்கிக்கு வரும். ஜனவரியில் விற்றதை மார்ச் கடைசியில் எதிர்பார்க்கலாம்.

வருமான வரியில், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 1961 சட்டத்தின் 80 க்யூ.க்யூ.பி. பிரிவு இலக்கிய நூல் உரிமைத்தொகைக்கு ஆண்டுக்கு ₹3,00,000 வரை கழிவு தந்தது. அதில் பலர் கவனிக்காத ஒரு முள்: மொத்தமாக உரிமையை விற்காத நிலையில், விற்ற நூல்களின் மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் வரும் தொகை கழிவுக்குக் கணக்கில் வராது. 70 விழுக்காடு வாங்குகிறவருக்கு இது பெரிய வெட்டு. சுயபதிப்புக்கு இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டபின் கணக்குப் போடுங்கள்.

எங்கே கைவிடுகிறது

அச்சு. கே.டி.பி.யின் தேவைக்கேற்ப அச்சிடும் வசதி அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற கடைகளுக்கு உண்டு. இந்தியக் கடைக்கு இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகர் கையில் கொடுக்க, அரசு நூலகங்கள் நூல் வாங்கும் நூலக ஆணைக்கு விண்ணப்பிக்க, பரிசுப் போட்டிகளுக்கு அனுப்ப அச்சுப் புத்தகம்தான் வேண்டும். அதற்கு உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தில் டெம்மி அளவில் ஐம்பது, நூறு பிரதி தனியே அடித்துக்கொள்வதே வழி. அச்சு நூலுக்கான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழி விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம். காசு கேட்கும் இடைத்தரகர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

விளம்பரத்துக்கு, செலக்டில் 90 நாளுக்கு 5 நாள் நாவலை இலவசமாக வைக்கலாம். ஐந்தையும் ஒரே வாரத்தில் தீர்த்துவிடுவது வீண். இரண்டாம் பாகம் வரும் அன்று முதல் பாகத்தை இரண்டு நாள் இலவசமாக வைத்தால் பலன் தெரியும். ஒற்றை நாவல் மட்டும் வைத்திருப்பவருக்கு இலவச நாட்களால் பதிவிறக்க எண்ணிக்கை தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இறக்கியவர்களில் எத்தனை பேர் திறந்தார்கள் என்று தெரியவே தெரியாது. விமர்சனத்துக்கு விமர்சனம் என்று எழுத்தாளர்கள் மாற்றி மாற்றி எழுதிக்கொள்வதும், வீட்டார் ஐந்து நட்சத்திரம் போடுவதும் விதிக்குப் புறம்பு, கண்டால் நீக்கிவிடுகிறார்கள்.

வெளியேறுவது எளிது, ஆனால் தானாக நடக்காது. செலக்ட் ஒவ்வொரு 90 நாளும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். தொடர்கதைத் தளத்துக்கோ சொந்த இணையதளத்துக்கோ நாவலைக் கொண்டுபோக நினைத்தால், நூலின் செலக்ட் பகுதியைத் திறந்து தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, அங்கே காட்டும் முடிவுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் கடையிலிருந்தே நீக்கினாலும் அந்தத் தேதி வரை கட்டு தொடரும். நீக்கிவிட்டோமே என்று மறுநாளே வேறிடத்தில் ஏற்றிவிடாதீர்கள்.